இடது கால் அழித்த தடம்

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது எல்லோரும் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "இவங்க நேஷனல் சாம்பியன்." கேட்பவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு, எதில் என்பார். டென்னிஸ் என்றதும் ஷட்டில்தானே மேடம் என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் அதை டேபிள் டென்னிஸ் என்று தானே முடிவு செய்துகொண்டு, தன் மைத்துனரும் பிரமாதமாக ஆடுவார் என்பார். கிரிக்கெட் மேட்சுக்குப் பாஸ் வாங்கித் தர முடியுமா என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. வருஷா வருஷம் நடக்கும் அலுவலக விளையாட்டு நாளில் எலுமிச்சைப் பழமும் கரண்டியும் வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. சாம்பியன் அல்லவா, வேறு யாரிடம் கொடுப்பார்கள்.

எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டில் பெண்கள் ஒற்றையர் தேசியப் பட்டத்தை ஜெயித்தேன். இப்போது வேலை பார்க்கும் இதே டெல்லியில், ஒரு குளிர்கால மத்தியானத்தில், மூன்று செட்டில். மறுநாள் பேப்பரில் இரண்டே வரிச் செய்தியும் ஒரு படமும் வந்தன. செய்தி என்னைப் பற்றியது, படம் என்னிடம் தோற்றவளுடையது. கோயம்புத்தூரில் அப்பா அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, படத்துக்குக் கீழே பேனாவால் "இது நம் பெண் அல்ல" என்று எழுதி வைத்தார். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகின்றன.

அப்பா ஒரு மில்லில் குமாஸ்தாவாக இருந்தார். மில் அதிகாரிகளுக்கென்று ஒரு செம்மண் கோர்ட் இருந்தது. அதிகாரிகள் சாயங்காலம்தான் வருவார்கள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரைக்கும் கோர்ட் வெயிலில் காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் என் பெண் ஆடிக்கொள்ளட்டுமா என்று அப்பா மேனேஜரிடம் கேட்டு வாங்கினார். ஆடி முடித்ததும் கோர்ட்டைப் பெருக்கித் தடங்களை அழித்துவிட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை. அதிகாரிகள் வரும்போது யாரோ ஆடியது தெரியக் கூடாதாம். நான் டென்னிஸ் கற்றுக்கொண்டது இந்த நிபந்தனையோடுதான். நானும் அதை வெகுநாள் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மண் கோர்ட்டைப் பற்றி ஆடாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பந்து விழுந்த இடத்தில் ஒரு தடம் பதியும். சின்னப் போட்டிகளில் நடுவர் உட்கார்ந்திருக்க மாட்டார். நம் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமே சொல்ல வேண்டும். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால், தடத்தைக் காட்டு என்று கேட்கலாம். நாம் காட்ட வேண்டும். பதின்மூன்று வயதில், சென்னையில் நடந்த ஜூனியர் போட்டி ஒன்றில், எதிராளி அடித்த பந்து வெளியே விழுந்தது. அவுட் என்று சொல்லிவிட்டு, மில் கோர்ட்டுப் பழக்கத்தில் காலால் தடத்தைத் தேய்த்துவிட்டேன். அவள் தடத்தைக் கேட்டாள். ரெஃப்ரீயாக இருந்த அம்மாள் வந்து பார்த்துவிட்டுப் பாயிண்டை அவளுக்குக் கொடுத்தார். தடத்தை அழித்தால் பாயிண்டை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம், ரூல் அது, என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகைக்குப் பிறகு, தடம் என்றால் தாண்டித்தான் போவேன். பட்டம் ஜெயிக்கும் வரைக்கும் ஒரு தடத்தைக்கூட மிதித்ததில்லை.

பட்டத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை கிடைத்தது. டெல்லிக்கு வந்து சேர்ந்த மூன்றாவது மாதமே ஒரு பெரிய அதிகாரி என்னைச் சனிக்கிழமை காலையில் ஆட வரச் சொன்னார். போனேன். ஆறு பூஜ்யம், ஆறு ஒன்று. அந்த ஒன்றுகூட அவர் வயசுக்கு மரியாதையாக நான் கொடுத்தது. அடுத்த திங்கட்கிழமை என்னைப் பழைய ஃபைல்கள் கட்டி வைத்திருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒன்றரை வருஷம் அங்கே தும்மிக்கொண்டிருந்தேன். போட்டிக்குப் போக லீவு கேட்டால், ஆள் பற்றாக்குறை என்று ஃபைல் திரும்பி வரும். அந்த அறையில் என்னையும் எலிகளையும் தவிர வேறு ஆளே கிடையாது, பற்றாக்குறை எங்கிருந்து வந்ததென்று யாரைக் கேட்பது?

அதன் பிறகு தோற்கக் கற்றுக்கொண்டேன். இது ஏதோ சுலபமான காரியம் என்று நினைக்கிறார்கள். சும்மா வலையில் அடித்துக்கொண்டிருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும். அவரை ஓடவிட வேண்டும், ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடவிடக் கூடாது. அவருக்குச் சுலபமான ஃபோர்ஹேண்ட் பக்கமாக, இடுப்பு உயரத்தில், அடி என்று சொல்கிற மாதிரி பந்து வந்து நிற்க வேண்டும். நாலு-நாலு வரைக்கும் சமமாகப் போய், அதற்குமேல் என் பந்து இரண்டு விரற்கடை வெளியே விழ வேண்டும். ஆறு நாலு என்பதுதான் எல்லோருக்கும் பிடித்த ஸ்கோர். கஷ்டப்பட்டு ஜெயித்த திருப்தியும் இருக்கும், சாம்பியனையே ஜெயித்தேன் என்ற பேச்சும் இருக்கும். இருபது வருஷத்தில் ஆறு அதிகாரிகளிடம் இப்படித் தோற்றிருக்கிறேன். நடுவில் கல்யாணம், தோள்பட்டையில் ஆபரேஷன், மகள், மயூர் விஹாரில் ஃப்ளாட், எல்லாம் வந்தன. எந்த அதிகாரி வந்தாலும் சனிக்கிழமை மட்டும் மாறவில்லை.

இப்போதைய அதிகாரி ஐம்பத்தெட்டு வயதுக்காரர், சென்னைக்காரர். தமிழ் அதிகாரி வருகிறார் என்றதும் என் கணவர் சந்தோஷப்பட்டார். நான் சந்தோஷப்படவில்லை. வேற்று ஊர்க்காரரென்றால் ஆடிவிட்டுப் போய்விடுவார். நம் ஊர்க்காரர் உரிமை எடுத்துக்கொள்வார். அப்படித்தான் ஆயிற்று. முழங்காலில் ஒரு பட்டை, நெற்றியில் ஒரு பட்டை, கையில் இந்த வருஷ மாடல் ராக்கெட். வந்த முதல் வாரமே, "வாம்மா சாம்பியன், நம்ம ஊர் டென்னிஸ் எப்படின்னு இவங்களுக்குக் காட்டுவோம்," என்றார். ஒவ்வொரு செட்டும் முடிந்ததும் வலைக்கு வந்து எனக்கு அறிவுரை சொல்வார். என் பேக்ஹேண்டில் கவனம் போதாதாம். முக்கியமான பாயிண்டில் நான் பதறுகிறேனாம். அச்சா சார், அச்சா சார் என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். இந்த அறிவுரையை அவர் அலுவலகக் கூட்டத்திலும், பதினைந்து பேர் முன்னால், உதாரணமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் சனிக்கிழமை கோர்ட்டும் மண் கோர்ட்தான், அதில் அவருடைய பந்து வெளியே போவதுதான் பெரிய தலைவலி. பலமாக அடிப்பதாக நினைத்து அரையடி, ஒரு அடி தள்ளி அடிப்பார். முதல் மாதம் ஒருநாள் அப்படி விழுந்த பந்தை நான் "குட் ஷாட் சார்" என்று விட்டேன். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு அதிகாரி சும்மா இருக்கக் கூடாதா? கம்பி வேலி வழியாகத் தடத்தைப் பார்த்துவிட்டு, அரையடி வெளியே இருக்கிறதே என்று ஹிந்தியில் சிரித்தார். சார் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த வாரம் முழுவதும் என் ஃபைல் எதிலும் கையெழுத்து விழவில்லை. அதற்கப்புறம் அவருடைய பந்து வெளியே விழுந்தால், குட் ஷாட் சொல்லிக்கொண்டே திரும்பி நடக்கிற மாதிரி திரும்பி, இடது காலால் தடத்தைத் தேய்த்துவிடுவேன். பதின்மூன்று வயதில் விட்ட பழக்கத்தை நாற்பத்தைந்தில் மறுபடி பிடித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் வாராவாரம் ஒரு ஜீவன் பார்த்துக்கொண்டிருந்தது. என் மகள். பதினான்கு வயது. சனிக்கிழமை எட்டு மணிக்கு அவளுக்கு அந்தப் பக்கத்தில்தான் கணக்கு டியூஷன். அதனால் என்னோடு காரில் வந்து, கோர்ட் ஓரத்து பெஞ்சில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். அவள் பிறக்கும் முன்பே நான் போட்டிகளை விட்டாயிற்று. அவள் பார்த்ததெல்லாம் தொப்பை போட்ட ஒரு அங்கிளிடம் அம்மா வாராவாரம் தோற்பதைத்தான். ஒருநாள் பாராபுல்லா மேம்பாலத்தில் வண்டி நகராமல் நின்றபோது கேட்டாள்.

"அம்மா, ஸச் சொல்லு. நீ ரியலாவே சாம்பியனா? இல்ல அப்போ வேற யாருமே விளையாடலியா?"

எனக்குச் சுருக்கென்றது. விளையாடினார்கள், நிறையப் பேர், என்று மட்டும் சொன்னேன். அப்பாவின் நோட்டைக் காட்டலாம் என்றால் அதில் இருப்பது இன்னொருத்தி படம். வேண்டுமென்றே தோற்கிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பொய் பேசாதே என்று அவளை நாள் தவறாமல் திட்டுகிற ஆள் நான்.

அந்த வாரம்தான் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தேசியப் போட்டி இந்த முறை டெல்லியில் நடக்கிறது என்று தெரிந்தது. வேறு ஊரென்றால் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். இது மெட்ரோவில் போய் வரும் தூரம். ஒரு முறை, ஒரே ஒரு முறை, என் மகள் கண் முன்னால் நான் ஒழுங்காக ஆடி ஜெயிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மறுநாளே பெயரைக் கொடுத்தேன். கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது தோள்பட்டையைப் பற்றி, அடுத்துக் கேட்டது லீவைப் பற்றி. இரண்டாவதுதான் சிக்கல்.

போட்டிக்கான சிறப்பு விடுப்புக்கு சார் கையெழுத்துப் போட வேண்டும். ஃபைல் மூன்று வாரம் அவர் மேஜையில் கிடந்தது. நான் அந்த மூன்று சனிக்கிழமையும் ஆறு நாலு, ஆறு நாலு என்று தோற்றேன். நடுவில் ஒருமுறை கவனப் பிசகாக ஐந்து ஏழு வரை இழுத்துவிட்டேன், அதற்கே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டார். போட்டதோடு விடாமல், இவருடைய ஆட்டத் தரத்தை நான் தனிப்பட்ட முறையில் அறிவேன் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். கால் இறுதியைத் தாண்டினாலே பெரிய விஷயம், மனசு தளராதே என்று வாயாலும் சொன்னார்.

போட்டி வாரத்தில் டெல்லியின் காற்று வழக்கம்போலக் கெட்டுப்போயிற்று. பள்ளிகளை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வெளியே வரக்கூடாத காற்றில் நாற்பத்தைந்து வயதுப் பெண்கள் மட்டும் மூன்று செட் ஓடலாம் போலிருக்கிறது, போட்டியை யாரும் தள்ளி வைக்கவில்லை. தொண்டை எரிய எரிய முதல் இரண்டு சுற்றும் ஜெயித்தேன். பொய் சொல்லவில்லை, எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மூலைக்கு அடித்த பந்து மூலையில் விழுந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று, நான் ஒரு மூலையைப் பார்த்து அடித்து!

அரை இறுதிக்கு மகள் வந்தாள். ஆன்லைன் வகுப்பைப் போனில் ஓடவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, முகமூடியோடு வேலிப் பக்கம் உட்கார்ந்தாள். எதிராளி ஹரியானாவில் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. வாட்டசாட்டமான பெண், சிரித்த முகம். அந்தச் சுற்றுக்கும் தனி நடுவர் கிடையாது. நான்கு கோர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ரெஃப்ரீ நடந்துகொண்டிருந்தார்.

முதல் செட்டில் எனக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. பந்துகள் நன்றாகத்தான் போயின, ஆனால் ஒவ்வொன்றையும் அந்த அம்மாள் நின்ற இடத்திலிருந்து திருப்பி அடித்துக்கொண்டிருந்தாள். நாலு-நாலு வரைக்கும் வந்து, ஆறு நாலு என்று தோற்றேன். தண்ணீர் குடிக்க வேலியோரம் நடந்தபோது மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அம்மா, அங்கிளுக்குக் குடுக்கற மாதிரியே இவங்களுக்கும் குடுக்கற. எக்ஸாக்ட்லி அதே இடத்துல."

ஆட்டத்துக்கு நடுவில் யாரும் யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. அவள் யோசனை சொல்லவில்லை, குறைதான் சொன்னாள். ஆனால் அது என் பொட்டில் அடித்தது. இடுப்பு உயரம், ஃபோர்ஹேண்ட் பக்கம். என் கை தன் பாட்டுக்கு உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தது. இரண்டாவது செட் முழுவதும் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால், இது சார் இல்லை, இது சார் இல்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். அவளுக்குச் சிரமமான பேக்ஹேண்டுக்கே அடித்தேன். ஆறு மூன்று என்று ஜெயித்தேன். மகள் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

இந்த வயதுப் போட்டிகளில் மூன்றாவது செட்டை முழுசாக ஆடவிட மாட்டார்கள். முதலில் பத்துப் பாயிண்ட் எடுப்பவர் ஜெயித்தவர், இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது எட்டு என்று நான் முன்னால் இருந்தேன். இன்னும் ஒரே பாயிண்ட். அந்த அம்மாள் ஓடிவந்து ஓங்கி ஒரு பந்தை அடித்தாள். என் இடது பக்கமாகத் தாண்டிப் போய்ப் பின்கோட்டுக்கு வெளியே விழுந்தது. நாலு விரற்கடை வெளியே, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். விரலைத் தூக்கி அவுட் என்றேன். ஜெயித்தாயிற்று. மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மாள் அக்கா முறை வைத்து மரியாதையாகத்தான் கேட்டாள். தீதீ, கொஞ்சம் மார்க்கைக் காட்டுங்கள்.

இதோ என்று திரும்பினேன். தடம் இல்லை. அது இருந்த இடத்தில் மண் நீளமாகத் தேய்ந்திருந்தது, அதன் முடிவில் என் இடது கால் நின்றிருந்தது. எப்போது தேய்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஒன்பது மாதம் சனிக்கிழமை தவறாமல் செய்த வேலையைக் கால் தானாகவே செய்து முடித்துவிட்டது. ரெஃப்ரீயைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து மண்ணைப் பார்த்தார், என் ஷூவைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நானே, ரூல் தெரியும் சார் என்றேன். ஒன்பது-ஒன்பது. அடுத்த இரண்டு பாயிண்டும் என் கையில் இல்லை. ஒன்றை வலையில் அடித்தேன், ஒன்றை வெளியே அடித்தேன். வலைக்கு வந்து கை கொடுத்த அந்த அம்மாள், உங்களோடு ஆடியது ரொம்ப நன்றாக இருந்தது தீதீ என்றாள். ஆறு அதிகாரிகளும் என்னிடம் சொன்ன அதே வாக்கியம்.

மகளோடு காரில் திரும்பினேன். புகையில் எதிரே போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு, ஏன் அழித்தாய் என்று கேட்டாள். இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? ஜன்னல் இல்லாத அறையிலிருந்து ஆரம்பித்து ஆறு நாலு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பரிதாபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"ஜான்பூஜ்கர், வேணும்னே தோத்தியா? எல்லா சனிக்கிழமையும்? அம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் என் அம்மா சாம்பியன்னு சொல்லிருந்தேன். அப்புறம் அங்கிள்கிட்ட தோக்கறதப் பாத்துட்டு, ஜூட், பொய் சொல்லிட்டோம்னு வெக்கமா இருந்துச்சு. ஒன் இயரா யார்கிட்டயும் சொல்றதே இல்ல."

என்னால் வண்டியை ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். எனக்கு யார் மேல் கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சார் மேல், மில் மேனேஜர் மேல், பேப்பர்க்காரன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் இடது கால் மேல். இருபது வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கொடுத்ததை யாரோ ஒரு அதிகாரிதான் வாங்கிக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். போனதில் பாதி இவளுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மழை பெய்து காற்று தெளிந்திருந்தது. சார் நான் தோற்ற செய்தியைத் தெரிந்துகொண்டுதான் வந்தார். "நான்தான் சொன்னேனேம்மா, முக்கியமான பாயிண்டுல பதறிடறே," என்றார். அச்சா சார் என்றேன். மகள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் போனை எடுக்கவில்லை.

நான் ஆடினேன். அதைத் தவிர அதற்கு வேறு வார்த்தை கிடையாது. முதல் மூன்று கேம் வரைக்கும் சார் சிரித்துக்கொண்டிருந்தார். நாலாவதில் நெற்றிப் பட்டையைக் கழற்றிப் பிழிந்தார். ஐந்தாவதில் காற்றில் இன்னும் புகை இருக்கிறது என்றார். வேலிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு அதிகாரிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஐந்து பூஜ்யம், நாற்பது பூஜ்யம். பந்தை அவருடைய பேக்ஹேண்ட் மூலைக்கு அடித்தேன். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது.

"அவுட்," என்றார் சார்.

இருபது வருஷத்தில் எந்த அதிகாரியிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"மார்க்கைக் காட்டுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து மண்ணைப் பார்த்தார். ஈரமான மண்ணில் தடம் அச்சாகப் பதிந்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அப்புறம் ஷூவால் மெல்ல அதைத் தேய்த்துவிட்டு, இங்கே ஏகப்பட்ட பழைய மார்க் கிடக்கு, எதுன்னு தெரியலம்மா என்றார்.

"அழிச்சவங்க பாயிண்டை விட்டுக்கொடுத்த மாதிரிங்க சார். ரூல் அது."

பெஞ்சிலிருந்து மகள் தெளிவாகச் சொன்னாள்: "சிக்ஸ் லவ்." ஆறு பூஜ்யம்.

சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார். திங்கட்கிழமை என்னை எந்த அறைக்கு மாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டே நானும் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனேன். அப்போது அவர் டீ குடித்துக்கொண்டிருந்த அதிகாரிகளிடம் ஹிந்தியில் சொல்வது காதில் விழுந்தது. பாவம், போட்டியில் தோற்றுவிட்டு வந்திருக்கிறது, மனசு உடைந்து போயிருக்கிறது, அதனால் ஒரு செட் விட்டுக்கொடுத்தேன் என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்தான், இருந்தும் ஆட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வேண்டுமென்றே தோற்றபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நிஜமாக ஜெயித்தால் அது அவர் போட்ட பிச்சையாகிவிடுகிறது.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் ஹிந்தி என்னுடையதைவிட நல்ல ஹிந்தி. டியூஷனுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"சார்," என்றேன், தமிழில் அல்ல, எல்லோருக்கும் புரிகிற ஹிந்தியில். "இன்னொரு செட் ஆடுவோம். இந்த முறை தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்."

டீ குடித்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். சார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் ராக்கெட்டை எடுத்தார். என் மகள் பெஞ்சிலிருந்து எழுந்துபோய், சாருடைய பக்கத்தில் பின்கோட்டுக்கு நேராக, தடம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.